பிறந்தநாள் ஒரு நாள் முந்திக் காட்டுகிறது: சிங்கப்பூர் எப்போதும் +8 தானே?

கேள்வி | 3 மார்ச் 2025, காலை 9:12

ஒரு தமிழ் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் புது வெப்சைட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிறந்த தேதியை யூனிக்ஸ் டைம்ஸ்டாம்பாக, அதாவது 1 ஜனவரி 1970 நள்ளிரவிலிருந்து யூடிசியில் (உலகப் பொது நேரம்) எத்தனை நொடி என்ற எண்ணாக வைத்திருக்கிறேன். கணக்கு எளிது: அந்தத் தேதியின் நள்ளிரவை யூடிசி நொடியாக்கி, அதிலிருந்து எட்டு மணி நேரத்தின் 28800 நொடியைக் கழிக்கிறேன். சிங்கப்பூரில் டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவது) கிடையாது, எப்போதும் +8, அதாவது யூடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால். ஆனால் 15 ஆகஸ்ட் 1975-ல் பிறந்தவருக்கு பிரவுசரில் 14 ஆகஸ்ட் என்று வருகிறது. 1990-ல் பிறந்தவருக்குச் சரியாக வருகிறது. 1943-ல் பிறந்த தாத்தா ஒருவருக்கும் சரியாக வருகிறது. குரோம், சஃபாரி இரண்டிலும் இதே கதை. பிரவுசரில்தான் பிழையா?

3 மார்ச் 2025, மதியம் 12:50

பிரவுசர் சரியாகத்தான் சொல்கிறது. "எப்போதும் +8" என்பதில்தான் சிக்கல். 1945 முதல் 1981 டிசம்பர் கடைசி நாள் வரை சிங்கப்பூர் நேரம் யூடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது.

உங்கள் 1975 ஆளையே எடுத்துக்கொள்வோம். 1 ஜனவரி 1970 முதல் 15 ஆகஸ்ட் 1975 வரை 2052 நாள். 86400-ஆல் பெருக்கினால் 177292800. நீங்கள் 28800 கழித்து 177264000 என்று வைத்திருக்கிறீர்கள். யூடிசியில் அது 14 ஆகஸ்ட் மாலை 4:00. பிரவுசருக்கு 1975-ல் சிங்கப்பூர் +7:30 என்று தெரியும், அதைக் கூட்டுகிறது. வருவது 14 ஆகஸ்ட் இரவு 11:30. திரையில் தேதி மட்டும் காட்டுவதால் அரை மணி நேரப் பிழை ஒரு முழு நாளாகத் தெரிகிறது.

சோதிக்க வேண்டுமா? பிரவுசர் கன்சோலில் பூஜ்யத்தைத் தேதியாக்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரின் டைம்ஸோன் சிங்கப்பூராக இருந்தால் 1 ஜனவரி 1970 காலை 7:30 என்று வரும், எட்டு என்று வராது. இங்கே டேட்டாபேஸில் காலியாகக் கிடக்கும் தேதி எல்லாம் திரையில் "1 ஜனவரி 1970, 7:30" என்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏழரை தற்செயல் இல்லை.

3 மார்ச் 2025, இரவு 10:35

1943 தாத்தா விஷயம் மதியம் விட்டுப்போனது. அதுதான் இதில் சுவாரசியமான பகுதி.

உலகம் முழுக்க லினக்ஸும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் பிரவுசர்களும் நம்பியிருக்கும் டைம்ஸோன் பட்டியல் ஒன்று உண்டு. இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா அமைப்பு வெளியிடுவது, டிஇஸட் டேட்டாபேஸ் என்று சொல்வோம். அதில் ஆசியா/சிங்கப்பூர் என்ற பதிவைத் திறந்து பார்த்தால் இந்தத் தீவின் வரலாறே நிமிடக் கணக்கில் இருக்கிறது. ஆரம்பத்தில் 6 மணி 55 நிமிடம் 25 நொடி. 1905 ஜூன் முதல் தேதியிலிருந்து முழு ஏழு மணி நேரம். 1933 ஜனவரியிலிருந்து ஏழு மணி இருபது நிமிடம். முதலில் அந்த இருபது நிமிடம் டேலைட் சேவிங் என்ற பெயரில் வந்தது, 1936-ல் அதையே நிரந்தர நேரமாக்கிவிட்டார்கள். ஆக "சிங்கப்பூரில் டேலைட் சேவிங் கிடையாது" என்பதும் இன்றைக்கு மட்டுமே உண்மை. 1941 செப்டம்பரில் ஏழரை. பிறகு 1942 பிப்ரவரி 16. முந்தைய நாள்தான் பிரிட்டிஷ் படை சரணடைந்தது; மறுநாளே கடிகாரம் டோக்கியோ நேரத்துக்குப் போனது, +9. ஜப்பானியர்கள் 1945 செப்டம்பர் 12 அன்று இங்கே முறைப்படி சரணடையும் வரை அப்படியே இருந்து, மறுபடி ஏழரைக்கு வந்தது. 1982-ல் எட்டு.

இப்போது தாத்தாவைப் பாருங்கள். நீங்கள் எட்டு மணி நேரம் கழித்தீர்கள், பிரவுசர் ஒன்பது கூட்டுகிறது. அதே தேதி, அதிகாலை 1:00. தேதி தப்பவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் எண் இதிலும் தவறுதான், ஒரு மணி நேரம் பிசகியிருக்கிறது; தேதியை மட்டும் காட்டுவதால் வெளியே தெரியவில்லை. பட்டியலில் 1938-ல் பிறந்த யாராவது இருந்தால் பாருங்கள், அவருக்கு முந்தைய நாள் இரவு 11:20 என்று வரும்.

4 மார்ச் 2025, காலை 7:20

"அரை மணி நேரத்துக்கு ஏன் இத்தனை பாடு, 27000 கழித்தால் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1982-க்கு முன் 27000, பின் 28800, ஜப்பான் காலத்துக்கு 32400 என்று நாமே எழுத ஆரம்பித்தால், டிஇஸட் டேட்டாபேஸில் ஏற்கெனவே பலர் உழைத்துத் தொகுத்ததை நம் கோடில் இன்னொரு தடவை, அதைவிட மோசமாக எழுதுகிறோம். ஆஃப்செட்டை, அதாவது யூடிசியோடு உள்ள வித்தியாசத்தை, கையால் எழுதாதீர்கள். டைம்ஸோன் பெயரைக் கொடுங்கள், லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

இது டைம்ஸ்டாம்ப் தேவைப்படும் இடத்துக்கு. பிறந்த தேதிக்கு டைம்ஸ்டாம்பே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. இரவு விரிவாக எழுதுகிறேன்.

4 மார்ச் 2025, இரவு 11:05

டைம்ஸ்டாம்ப் என்பது ஒரு கணம். உலகம் முழுவதற்கும் ஒரே கணம். சாங்கியில் விமானம் தரையைத் தொட்ட நொடியைச் சென்னையிலும் லண்டனிலும் வேறு வேறு மணியாகப் படிப்பார்கள், நொடி ஒன்றுதான். அதற்கு டைம்ஸ்டாம்ப் பொருத்தம்.

15 ஆகஸ்ட் 1975 என்பது கணம் இல்லை. காலண்டரில் ஒரு கட்டம். ஒருவர் சிங்கப்பூரில் பிறந்து மெல்பர்னில் குடியேறினாலும் அவர் பிறந்தநாள் ஆகஸ்ட் 15 தான்; இரண்டு மூன்று மணி நேரம் கூட்டிக் குறைத்து யாரும் கேக் வெட்டுவதில்லை. அந்தக் கட்டத்தை ஒரு நொடியாக மாற்ற வேண்டுமென்றால் "எந்த ஊர் நள்ளிரவு?" என்று ஒரு கேள்வியை நாமே புகுத்துகிறோம். உறுப்பினர் படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. படிவத்தில் இல்லாத தகவலை நாம் இட்டுக்கட்டி டேட்டாபேஸில் வைக்கிறோம். வெளியே எடுக்கும்போது வேறொருவர் வேறொன்றை இட்டுக்கட்டுகிறார். இரண்டும் பொருந்தாத நாளில் இப்படி ஒரு இழை தொடங்குகிறது.

போஸ்ட்கிரஸானாலும் மைஎஸ்கியூஎல் ஆனாலும் தேதிக்கு மட்டும் ஒரு நெடுவரிசை (column) வகை உண்டு. ஆண்டு, மாதம், நாள். அதில் வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை 1970-க்கு முந்தையதை ஏற்றுக்கொள்ளவே செய்யாது. நம் தாத்தா பாட்டிகள் யாருமே அதில் பிறந்திருக்க முடியாது.

5 மார்ச் 2025, மதியம் 1:15

1 ஜனவரி 1982-ல் பிறந்த உறுப்பினர் யாராவது உண்டா என்று தேடச் சொல்லியிருந்தேன். உண்டு என்று பதில் வந்திருக்கிறது. அருமை.

ஏழரையிலிருந்து எட்டுக்குத் தாண்டியபோது கடிகாரத்தில் அரை மணி நேரம் காணாமல் போனது. பல ஆண்டுகளாக டிஇஸட் டேட்டாபேஸில் இந்தத் தாண்டல் புத்தாண்டு நள்ளிரவில் நடந்ததாக இருந்தது: 12:00 ஆகும் நொடியில் 12:30 ஆகிவிட்டது என்று. அந்தக் கணக்குப்படி 1 ஜனவரி 1982 நள்ளிரவு 12:00 என்ற நேரம் சிங்கப்பூரில் வரவே இல்லை. தேதியை "அந்த நாளின் நள்ளிரவு" என்று மாற்றும் புரோகிராம் அந்த ஒரு நாளில் மாட்டிக்கொள்ளும். ஜாவாவில் ஜோடா-டைம் லைப்ரரி இதற்கு நேரடியாகவே எக்ஸெப்ஷன் எறியும், அதாவது பிழை என்று சொல்லி நின்றுவிடும், "இப்படி ஒரு நேரம் இந்த டைம்ஸோனில் இல்லை" என்ற பொருளில். ஜாவா 8-ல் வந்த புதிய லைப்ரரி எறியாது, சத்தமில்லாமல் அரை மணி நேரம் முன்னால் தள்ளி 12:30 என்று வைத்துக்கொள்ளும்.

எனக்கு எக்ஸெப்ஷன் எறிவதே பிடிக்கும். சத்தமில்லாமல் தள்ளுவது எத்தனை ரிப்போர்ட்டுகளில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

5 மார்ச் 2025, இரவு 9:50

மேலே சொன்ன நள்ளிரவுக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. டிஇஸட் டேட்டாபேஸின் பிந்தைய பதிப்புகளில் அந்தத் தாண்டல் 31 டிசம்பர் 1981 இரவு 11:30-க்கு நடந்ததாகத் திருத்தப்பட்டுவிட்டது. 11:30 ஆனதும் நேராகப் புத்தாண்டு 12:00. டைம்ஸ்டாம்பில் 378662400. பழைய பதிப்பில் அது 378664200. இதில் நள்ளிரவு இருக்கிறது, அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் இல்லை.

ஆகவே உங்கள் லேப்டாப்பில் ஓடும் கோடும், வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத சர்வரில் ஓடும் அதே கோடும் இந்த ஒரு தேதிக்கு வேறு வேறு விடை தரலாம். இரண்டிலும் கோடில் பிழை இல்லை. கடந்த காலம்கூடத் திருத்தப்படும் என்பதை நான் முதலில் பார்த்தபோது நம்ப முடியவில்லை. ஆனால் யோசித்தால் அதுதான் நேர்மை. பழைய அரசிதழோ செய்தித்தாளோ கிடைத்தால் அவர்கள் திருத்திவிடுகிறார்கள்.

எதற்காக மாற்றினார்கள் என்று கேட்டவருக்கு: மலேசியா தன் தீபகற்பப் பகுதியை சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு நாட்டையும் இணைக்கும் காஸ்வே சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மணி அந்தப் பக்கம் ஒரு மணி என்றால் அன்றாடம் நடக்குமா?

6 மார்ச் 2025, இரவு 8:40

பைத்தான் கேள்வி வந்திருக்கிறது. "காலை 9:00 சந்திப்பு 10:05 என்று வருகிறது, ஒரு மணி ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது?"

இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பரைத் தெருவில் கண்ட மாதிரி இருந்தது. நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் சந்திப்பு நேரம் பதியும் சிஸ்டத்தில் இதே 10:05 வந்தது. பைடிஇஸட் லைப்ரரியில் டைம்ஸோனை எடுத்து நேரடியாகத் தேதிக்குள் செருகினால், அது பட்டியலின் முதல் பதிவை எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு முதல் பதிவு எது? அந்தப் பழைய 6:55. எட்டுக்கும் ஆறு ஐம்பத்தைந்துக்கும் வித்தியாசம் ஒரு மணி ஐந்து நிமிடம். இந்தியாவுக்கு இதையே செய்தால் கொல்கத்தாவின் பழைய 5:53 வந்து, நேரம் 23 நிமிடம் முந்திக் காட்டும்.

தீர்வு: அந்த லைப்ரரியில் லோகலைஸ் என்று ஒரு வழி தனியே உண்டு, அதன் வழியாகப் போக வேண்டும். பைத்தான் 3.9-க்கு மேல் என்றால் உள்ளேயே வரும் ஸோன்இன்ஃபோவைப் பயன்படுத்துங்கள், இந்தத் தொல்லை இல்லை.

அந்த 6:55 சும்மா ஒரு பழைய எண் இல்லை. தீவு கிழக்குத் தீர்க்கரேகை 103 டிகிரி 51 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது, 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று வகுத்தால் வருவது அதுதான். சூரியனைக் கேட்டால் சிங்கப்பூர் இன்றும் ஆறு ஐம்பத்தைந்தில்தான் இருக்கிறது. நாம் அதைவிட ஒரு மணி ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறோம். அதனால்தான் இங்கே ஆண்டு முழுக்க சூரியன் ஏழு மணியை ஒட்டி உதித்து ஏழு மணியை ஒட்டி மறைகிறது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பஸ் ஏறுகிறார்கள். 10:05 என்று தப்பாக வந்த சந்திப்பும் ஏழு மணி விடியலும் ஒரே கழித்தல் கணக்கு.

6 மார்ச் 2025, இரவு 11:30

இதை ஒட்டி ராகு காலம் பற்றிக் கேட்டவருக்கு. தடம் மாறுகிறோம், பரவாயில்லை, விஷயம் ஒன்றுதான்.

சென்னையில் அச்சிட்ட பஞ்சாங்கத்தை இங்கே வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்கிறார்கள். திதி, நட்சத்திரம் முடியும் நேரத்துக்கு அது சரி. திதி சந்திரனும் சூரியனும் நிற்கும் கோணம்; உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் மாறும். டைம்ஸ்டாம்ப் மாதிரி. ராகு காலம் அப்படி இல்லை. அந்தந்த ஊரின் பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் வருவது. அதற்கு இரண்டரை கூட்டினால் தப்பு, அப்படியே வைத்தாலும் தப்பு. திங்கட்கிழமை இரண்டாம் பங்கு. ஏழு மணிக்கு உதயம் என்றால் இங்கே எட்டரை முதல் பத்து. காலண்டர் தாளில் போட்டிருக்கும் ஏழரை முதல் ஒன்பது, ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்ட கணக்கு.

கணத்தை மாற்றலாம். உள்ளூர்ப் பொழுதை மாற்ற முடியாது, அங்கேயே கணக்கிட வேண்டும். பிறந்தநாளுக்கு நான் சொன்னதும் இதேதான்.

8 மார்ச் 2025, காலை 10:10

ஜப்பான் காலத்து நேரம் ஜாதகத்தைப் பாதிக்குமா? பாதிக்கும். எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் பெரியம்மா 1944-ல் இங்கே பிறந்தவர். தாத்தா கணக்கு நோட்டில் "இரவு 8:10" என்று எழுதி வைத்திருந்தார். பாட்டியோ, "விளக்கு வைக்கிற நேரத்துலதான் பொறந்தா, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்துச்சு" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா எழுதியது தப்பு என்று ஒரு கட்சி, பாட்டிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று ஒரு கட்சி.

இரண்டு பேரும் சரி. சுவர்க் கடிகாரம் டோக்கியோ நேரத்தில் இருந்தது. இரவு 8:10-லிருந்து ஒன்பது மணி நேரம் கழித்தால் யூடிசி 11:10. அதோடு சூரியனின் 6:55-ஐக் கூட்டுங்கள்: மாலை 6:05. பொழுது சாயும் நேரம், விளக்கு வைக்கும் நேரம். இன்றைய கடிகாரத்தில் சொன்னால் 7:10.

ஊரில் ஜாதகம் கணித்த சாஃப்ட்வேரில் சிங்கப்பூர் என்றதும் +8 போட்டிருந்தார்கள். முழுசாக ஒரு மணி நேரம் பிசகு. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் என்பதால் ஒரு மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நம்புகிறவர்களுக்குச் சரியான நேரத்தைக் கொடுக்க வேண்டியது புரோகிராமரின் பாடு. இந்தியாவிலும் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, ஆறரை மணி நேரம் நடப்பில் இருந்தது. அந்த வயதினர் உங்கள் வீட்டில் இருந்தால் பாருங்கள்.

8 மார்ச் 2025, மாலை 5:25

சிறிய குறிப்பு. "21 ஜனவரி 1970" என்று தேதி வந்தால் டைம்ஸோனைத் தேடாதீர்கள். இன்றைய டைம்ஸ்டாம்ப் நொடியில் பத்து இலக்கம். ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் மில்லிசெகண்டு கேட்கும், பதின்மூன்று இலக்கம். பத்து இலக்கத்தை அங்கே கொடுத்தால் 1970 ஜனவரியில் போய் விழும். ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது.

9 மார்ச் 2025, இரவு 9:15

லைப்ரரி இல்லாத சின்ன கருவி ஒன்றில் தேதியை நாள் எண்ணாக மாற்றக் கேட்டிருக்கிறார் ஒருவர். இந்த ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது.

ஆண்டை மார்ச்சில் தொடங்குங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிடும். இதனால் லீப் நாள் ஆண்டின் கடைசி நாளாகிவிடுகிறது. நடுவில் நின்று தொல்லை கொடுக்காது. இன்னொரு அழகு: மார்ச் முதல் ஜூலை வரை 31, 30, 31, 30, 31, மொத்தம் 153. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மறுபடி அதே 31, 30, 31, 30, 31. அதே 153. ஆகவே மாதத்துக்கு அட்டவணை வேண்டாம். மார்ச்சைப் பூஜ்யமாக வைத்த மாத எண்ணை 153-ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் அந்த மாதத்துக்கு முன் எத்தனை நாள் கடந்தது என்று வந்துவிடும்.

3 மார்ச் 2025-ஐப் போட்டுப் பார்ப்போம், இந்த இழை தொடங்கிய நாள். 400 ஆண்டுக்கு 146097 நாள். 2025-ல் ஐந்து முழு நானூறு, 730485. மிச்சம் 25 ஆண்டு: 25 பெருக்கல் 365, 9125. நான்கால் வகுத்து 6 லீப் நாள் சேர்த்தால் 9131. நூறால் வகுத்துக் கழிக்க ஒன்றும் இல்லை. மாதம் பூஜ்யம், அதற்கும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தேதி என்பதால் கடந்தது 2 நாள்: 9133. கூட்டினால் 739618. இதிலிருந்து 719468-ஐக் கழியுங்கள், அது 1970 ஜனவரி முதல் தேதிக்கான எண். 20150. 86400-ஆல் பெருக்கினால் 1740960000, யூடிசி நள்ளிரவு. சிங்கப்பூர் நள்ளிரவுக்கு 28800 கழித்து 1740931200.

இந்த இடத்தில் 28800 சரி, 2025 என்பதால். 1970-க்கு முன்பு எண் மைனஸாகும். 9 ஆகஸ்ட் 1965, சிங்கப்பூர் தனி நாடான நாள், அதன் நள்ளிரவு மைனஸ் 138785400, ஏழரைக் கணக்கில். சி போன்ற மொழிகளில் மைனஸ் எண்ணை வகுத்தால் பூஜ்யத்தை நோக்கி வெட்டும், கீழ்நோக்கி வெட்டாது. அங்கே ஒரு நாள் நழுவும், கவனம்.

10 மார்ச் 2025, காலை 7:35

இந்தக் குறிப்பை எட்டு மணிக்குள் எழுதுகிறேன், காரணத்தோடுதான். இப்போது யூடிசியில் இன்னும் நேற்று.

ஜாவாஸ்கிரிப்டில் "இன்றைய தேதி" வேண்டுமென்று ஐஎஸ்ஓ எழுத்தாக்கி முதல் பத்து எழுத்தை வெட்டிக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த எழுத்து யூடிசியில் வரும். சிங்கப்பூரில் காலை எட்டு வரை அது நேற்றைய தேதி. நாம் ஆபீஸ் போய்ச் சோதிப்பது பத்து மணிக்கு, அப்போது எல்லாம் சரியாக இருக்கும். அதிகாலை ஷிப்ட்டில் வேலை பார்ப்பவர் பதிவு மட்டும் முந்தைய நாளில் விழும், அவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி ஒருவரின் வருகைப் பதிவேடு மாதக் கணக்கில் தப்பாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தப்பு செய்யாத ஆள் ஒவ்வொரு மாதமும் சூப்பர்வைசரிடம் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கோடில் ஒரு வரி.

தேதிப் பெட்டியில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் இதே வழியில் ஒரு நாள் முந்தும். சிங்கப்பூர் நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் மாலை நான்கு மணி.

11 மார்ச் 2025, இரவு 10:20

கேள்வி கேட்டவர் இருக்கிற டேட்டாவை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறார். உங்கள் அதிர்ஷ்டம், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கழித்திருக்கிறீர்கள். ஆகவே ஒரே எண்ணைத் திருப்பிக் கூட்டினால் போதும். டைம்ஸோன் பெயர் எதுவும் உள்ளே வரக் கூடாது. 28800 கூட்டி 86400-ஆல் வகுங்கள். மீதியில்லாமல் வகுபட வேண்டும். 1970-லிருந்து அத்தனை நாள் தள்ளி வருவதுதான் படிவத்தில் எழுதியிருந்த தேதி. அதைத் தேதி நெடுவரிசையில் போடுங்கள்.

எந்த வரியிலாவது மீதி வந்தால் அது உங்கள் ஸ்கிரிப்ட் போட்டது இல்லை, வேறு யாரோ வேறு வழியில் சேர்த்தது. அவற்றைத் தனியே எடுத்து, காகிதப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். பழைய டைம்ஸ்டாம்ப் நெடுவரிசையை உடனே அழித்துவிடாதீர்கள்.

13 மார்ச் 2025, இரவு 9:40

"அப்படியானால் வருங்கால நிகழ்ச்சிக்கு டைம்ஸ்டாம்ப் வைக்கலாமா?" வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். "அடுத்த ஆண்டு மாலை ஆறு மணிக்கு, சிங்கப்பூரில்" என்று அழைப்பிதழில் போட்டிருப்பதை அப்படியே வையுங்கள்: தேதி, மணி, டைம்ஸோன் பெயர். நாளை அரசாங்கம் நேரத்தை மாற்றினால் மாலை ஆறு மாலை ஆறாகவே இருக்க வேண்டும், டைம்ஸ்டாம்ப்தான் மாற வேண்டும்.

அப்படியெல்லாம் யார் மாற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள். இலங்கையில் 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனார்கள், அக்டோபரில் ஆறு, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. சமோவா 2011-ல் டிசம்பர் 30 என்ற நாளையே விட்டுவிட்டு 29-லிருந்து 31-க்குத் தாண்டியது. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த உறுப்பினர்களின் பழைய பதிவுகளை நேரத்தோடு வைத்திருப்பவர்கள் அந்தப் பத்தாண்டைத் தனியே பார்க்க வேண்டும்.

இன்னொன்று: சர்வரில் டைம்ஸோனை "எஸ்ஜிடி-8" என்று போட்டிருப்பதைப் பார்த்து "திருத்தி" பிளஸ் ஆக்கிவிடாதீர்கள். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொது விதிமுறை) எழுத்துமுறையில் குறி தலைகீழ். மைனஸ் எட்டுதான் நமக்குச் சரி. ஆனால் அதில் 1982-க்கு முந்தைய வரலாறு எதுவும் இல்லை. ஆசியா/சிங்கப்பூர் என்று முழுப் பெயரைப் போடுங்கள்.

14 மார்ச் 2025, மதியம் 12:55

லீப் செகண்டு, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் இடையிடையே சேர்க்கும் ஒரு நொடி: 1972 முதல் 27 வந்திருக்கின்றன. கடைசியாக வந்தது 2016 முடிவில், நமக்கு அது 1 ஜனவரி 2017 காலை 7:59:60. யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் அவற்றை எண்ணுவதே இல்லை, எல்லா நாளும் 86400 தான். ரயில் டிக்கெட்டுக்கும் உறுப்பினர் பட்டியலுக்கும் இது வேண்டாம்.

2038-ஐக் கவனிக்க வேண்டும். 32 பிட்டில் டைம்ஸ்டாம்ப் வைத்திருந்தால் 19 ஜனவரி 2038, நம் நேரம் காலை 11:14:07-க்கு இடம் தீரும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்குப் போய்விடும். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கணக்கெல்லாம் இப்போதே அந்தத் தேதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை.

16 மார்ச் 2025, இரவு 8:05

படிவத்தோடு ஒப்பிட உட்கார்ந்தவர் எழுதியிருக்கிறார்: மீதி வந்த வரிகள் எல்லாம் ஒரு எக்செல் ஃபைலிலிருந்து வந்தவை. எக்செல் தேதியை 1900-லிருந்து நாள் எண்ணாக வைக்கிறது, 1 ஜனவரி 1970 அதில் 25569. அதைக் கழித்தால் நேராக நாள் எண் வந்துவிடும்; நொடியாக்கவோ டைம்ஸோன் பார்க்கவோ வேண்டாம். உங்கள் 1975 ஆள் எக்செல்லில் 27621 ஆக இருப்பார், கழித்தால் அதே 2052. பழைய மேக்கில் சேமித்த ஃபைல் என்றால் எண்ணிக்கை 1904-லிருந்து தொடங்கியிருக்கலாம், அப்போது 24107 கழிக்க வேண்டும். எது என்று தெரிய, பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த ஒருவரின் வரியை முதலில் போட்டுப் பாருங்கள். 1462 நாள் தள்ளி வந்தால் அது 1904 ஃபைல்.